வீணையைப் பார்த்துக் கிற்றாரைக் குடைந்தவர்

ஜாஸையும் இந்திய இசையையும் சேர்த்து வாசித்த ‘சக்தி’ இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் லண்டன், நியூயோர்க், சென்னை, மும்பை என்று ஊர்களை அடுக்குவார்கள். அந்த வரிசையில் யாழ்ப்பாணம் வருவது மிக அரிது. ஆனால் 1975இல் ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினுக்குப் பக்கத்தில் வயலினோடு உட்கார்ந்திருந்த எல். சங்கர் சின்னப் பிள்ளையாக வளர்ந்தது இங்கேதான். தகப்பனார் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், வயலின் வித்துவான். தாயார் சீதாலட்சுமி வீணை வாசிப்பவர். ஏழு வயதில் சங்கர் தன் முதல் கச்சேரியை வாசித்ததும் இலங்கைக் கோயில் ஒன்றில்தான். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பிப் போனது. சங்கருக்கு அப்போது எட்டு வயது.

அந்த வீட்டின் மூன்று வயலின்களையும் நினைத்துப் பாருங்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன், ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியார் பாடல்களுக்கு இசையமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம், மருத்துவம் படித்துவிட்டு வயலினையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிரப்பெல்லியோடும், கிற்றார் கலைஞர் லரி கொரியலோடும் வாசித்தவர். இளையவர் சங்கர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஜாஸ்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். இங்கே சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதனால்தான் மக்லாக்லினைப் பற்றி எழுத வந்த இடத்தில் சங்கரை முன்னுக்கு வைத்தேன்.

சரி, மக்லாக்லினுக்கு வருவோம். 1942இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பக்கம் டொன்காஸ்டரில் பிறந்தவர். தாய் வயலின் வாசிப்பவர். பதினொரு வயதில் கிற்றாரைக் கையில் எடுத்தார். லண்டனில் கிடைத்த வேலையெல்லாம் வாசித்து வளர்ந்து, 1969இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே ஜாஸ் ட்ரம்பெற் மேதை மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவில் உட்காரும் வாய்ப்பு வந்தது. மைல்ஸ் ஜாஸை மின் வாத்தியங்களின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடம் வந்த மைல்ஸின் ‘பிட்சஸ் புரூ’ இசைத்தட்டில் ஒரு பாட்டுக்குத் தலைப்பே ‘ஜோன் மக்லாக்லின்’. இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் ஜாஸ் உலகத்தில் கிடையாது.

1971இல் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மகாவிஷ்ணு என்பது வங்காளத்து ஆன்மிக ஆசிரியர் ஸ்ரீ சின்மோய் அவருக்கு வைத்த பெயர். வெள்ளை உடுப்பு, இரட்டைக் கழுத்துக் கிற்றார், காது பிளக்கும் சத்தம், ஒன்பது, பதினெட்டு என்று ஓடும் தாளக் கணக்குகள். அந்தக் குழுவை மணிக்கணக்காகக் கேட்கிறவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவர் இல்லை. கணக்கு எனக்குப் பிடிக்கும், சத்தம் களைப்பாக்கும். ஆனாலும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழு பெரிய மேடைகளில், பெரிய கூட்டங்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தது. மக்லாக்லின் பிறகு செய்த காரியத்தின் கனம் அப்போதுதான் விளங்கும்.

அவர் வீணை படிக்கப் போனார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தை அங்கே குரு முறையிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மக்லாக்லின் அங்கே டொக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். எஸ். இராமநாதன் என்றால் நம்மவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பாட்டும் வீணையும் இரண்டும் கைவந்தவர். எல். சங்கரும் 1969இல் இசை ஆய்வுக்காக அதே வெஸ்லியனுக்குத்தான் போயிருந்தார். அமெரிக்காவிலேயே பேர் பெற்ற கிற்றார்காரர் ஒருவர், ஆரம்பப் பாடமான சரளி வரிசை சொல்லித்தரும் ஆசிரியருக்கு முன்னால் மாணவனாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காருதலிலிருந்து வந்ததுதான் சக்தி என்று நான் நம்புகிறேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்திய இசையை ஜாஸோடும் ரொக்கோடும் சேர்த்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், அவர்கள் பாட்டை அவர்கள் வழியிலேயே எழுதிவிட்டு, மேலே கொஞ்சம் சிதார், கீழே கொஞ்சம் தபேலா. சமையல் முடிந்த பிறகு கறிவேப்பிலை போடுகிற மாதிரி. மக்லாக்லின் அப்படிச் செய்யவில்லை. இலக்கணத்துக்குள் போனார். போன இடத்தில் தன் வாத்தியம் போதாது என்று கண்டு, வாத்தியத்தையே மாற்றினார்.

அந்தக் கிற்றாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயலினுக்கு மெட்டுகள், அதாவது சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகள், கிடையாது. விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கலாம். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் உள்ளே வந்த அந்த வெள்ளைக்கார வாத்தியம் நம் கச்சேரியில் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு அது பெரிய காரணம். கிற்றார் அப்படி இல்லை. சுரத்தானங்கள் உலோகக் கம்பிகளால் பூட்டப்பட்டிருக்கும். வீணைக்கும் மெட்டு உண்டு, இருபத்துநான்கு. ஆனால் அவை மெழுகில் உயர்த்திப் பதித்தவை; தந்திக்குக் கீழே வெறும் வெளி. அதனால் வீணைக்காரர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டு வருவார். தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்கும் சுரமே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்திமத்தின் விளிம்புவரை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். சாதாரணக் கிற்றாரில் அப்படி இழுத்தால் விரல் நுனி மரப்பலகையில் உரசும். தந்தி விரலுக்குக் கீழிருந்து நழுவிப் போகும்.

மக்லாக்லினுக்காக ஏப்ரகாம் வெக்ட்டர் என்ற கிற்றார்க் கைவினைஞர் கிப்சன் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கிற்றாரைச் செய்தார். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்தார்கள். விரல் மரத்தைத் தொடாது, தந்தியை மட்டுமே தொடும், இழுக்கலாம், அழுத்தலாம். அடுத்தது, வழமையான ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளையின் குறுக்காகச் சரிவாக ஏழு சின்னத் தந்திகள். ராகத்துக்கு ஏற்பச் சுருதி சேர்த்துவிட்டால் அவை கூடவே அதிரும், இடையில் ஒரு விரலால் தடவியும் விடலாம். பக்கத்தில் தம்புரா இல்லாத குறையை வாத்தியமே தீர்த்துக்கொள்கிறது.

என்னிடம் இருந்த ஒரு பழைய கிற்றாரில் இதைச் செய்துபார்த்தேன். சுன்னாகத்தில் தெரிந்த தச்சு வேலைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனபோது முதலில் கையே வைக்கமாட்டேன் என்றார். “நல்ல சாமானைப் பழுதாக்கச் சொல்லுறியளே?” என்று கேட்டார். பிறகு வீணையின் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினேன். அரைவட்ட அரத்தை எடுத்து, இரண்டு மெட்டுகளுக்கு இடையில் மட்டும் மெல்லமெல்ல ராவினார். சாண்ட்பேப்பரால் மழுப்பி, எண்ணெய் தடவி, “இப்ப பாருங்கோ” என்று நீட்டினார். முதல் தடவை விரலை வைத்தபோது தரை இல்லாத இடத்தில் கால் வைத்த உணர்வு. கொஞ்சம் கூட அழுத்தினாலே சுருதி ஏறிவிடுகிறது. அதுவரை பழகிய பிடியை மறந்து, தந்தியை எவ்வளவு மெதுவாகத் தொடலாம் என்று கை புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. உலகமே புகழ்ந்த கை ஒன்று இந்தப் பாடத்தைத் தானாக விரும்பித் திரும்பவும் படித்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

சக்தியின் முதல் தட்டு 1975 ஜூலை 5ஆம் திகதி நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், சவுத்ஹம்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. வெளிவந்தது 1976இல். மக்லாக்லின் கிற்றார், சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். மின் கிற்றார் இல்லை, டிரம்ஸ் இல்லை. வடக்கத்தித் தபேலாவும் தெற்கத்தி மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. எங்களுக்கு இன்று எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. அன்று ஜாஸும் கர்நாடகமும் சேர்வதைப் போலவே இந்த இரண்டும் சேர்வதும் ஒரு துணிச்சல்தான்.

இந்தத் தட்டு என் கைக்கு வந்தது சித்தப்பாவின் கசெற்றாக. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம், போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்ட காலம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டும் இறங்கும். பக்கத்து வீட்டில் மிருதங்கம் சொல்லித்தந்த மாஸ்ரர் ஒருவர் இருந்தார். நான் அவரிடம்தான் படித்தேன். ஒருநாள் பின்னேரம் இந்தக் கசெற் சத்தத்துக்கு வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கிற்றாரும் வயலினும் தீர்மானம் என்ற முடிவுக் கணக்கை வைத்து முடிக்க, மாஸ்ரரின் கையும் சரியாகச் சமத்தில், தாளச் சுற்றின் முதல் அடியில், விழுந்தது.

“தம்பி, இந்த வெள்ளைக்காரனுக்கு ஆர் கணக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார்.

“தெரியாது மாஸ்ரர்.”

“ஆரோ ஒழுங்கான ஆள்தான் குடுத்திருக்கு. நீ சுத்து, நிப்பாட்டாதை.”

மாஸ்ரர் ஜாஸ் என்ற சொல்லையே கேட்டிருப்பாரோ தெரியாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் பிடித்துக்கொண்டது கணக்கை. இங்கேதான் மக்லாக்லின் செய்ததன் உள்விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்று ஒன்று உண்டு. மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, வாசிக்கும், கடம் இரண்டில் பதில் சொல்லும். பிறகு ஒன்றுக்கு ஒன்று. பிறகு அரை, கால் என்று சுருங்கிச் சுருங்கி, கேள்வியும் பதிலும் நெருங்கி, கடைசியில் எல்லோரும் ஒன்றாகி மோரா, கோர்வை என்ற முடிவுக் கணக்குகளை வாசித்து முடிப்பார்கள். ஜாஸிலும் இதே பழக்கம் தனியாக வளர்ந்திருக்கிறது. நாலு தாளக்கட்டு உனக்கு, நாலு எனக்கு என்று வாத்தியக்காரரும் டிரம்ஸ்காரரும் மாறி மாறி வாசிப்பார்கள், அதுவும் இரண்டு, ஒன்று என்று குறுகும். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விளையாட்டை விளையாடியிருக்கிறார்கள். மக்லாக்லினும் சங்கரும் சந்திப்பதற்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே ஜாஸ்காரர் ஜாஸை விடவேண்டியதில்லை, கர்நாடகக்காரர் கர்நாடகத்தை விடவேண்டியதில்லை.

கணக்கு என்று சொன்னேன், ஒன்றைக் காட்டிவிடுகிறேன். ஆதிதாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலாக 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்பது ஐந்து மாத்திரை. அதை மூன்று தரம், நடுவில் இரண்டிரண்டு மாத்திரை விட்டுச் சொன்னால் 5+2+5+2+5, மொத்தம் 19. ஆகவே சமத்திலிருந்து 13 மாத்திரையை விட்டுத் தொடங்கினால், மூன்றாவது தொம் முடிந்த கையோடு சமம் வந்து விழும். இது சின்னக் குழந்தைக் கணக்கு. வித்துவான்கள் இதைத் திஸ்ரம் (மூன்று), கண்டம் (ஐந்து) என்று பிரித்து, மூன்று சுற்றும் மூன்று அளவாக்கி, மேடையிலேயே யோசித்துப் போடுவார்கள். மக்லாக்லின் இதை ஏட்டில் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தவர் போல வாசிப்பதில்லை. தாளச் சொற்களைக் கொன்னக்கோலாக வாயால் சொல்லப் பழகினார். 2007இல் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தை ஒரு காணொளித் தட்டாகவே வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்துக் காதுக்கு இது அந்நியமே இல்லை. பூங்காவனத் திருவிழா இரவில் நாதஸ்வர, தவில் கூட்டங்கள் சேர்ந்து வாசிக்கும் மேளச்சமா கேட்டு வளர்ந்த ஊர் இது. இரண்டு கூட்டம், நாலு தவில், சுற்றிவர உட்கார்ந்திருக்கும் சனம் அத்தனையும் கையால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். சங்கீதம் முறையாகப் படித்திராத ஒரு கமக்காரர், தவில்காரர் எங்கே போய் எங்கே வருகிறார் என்று தலையாட்டிச் சொல்லுவார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெரிய தவில் மேதையை இந்தக் காதுகள்தான் வளர்த்தன. தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்து மதித்த கை அது. அவர் மறைந்ததும் 1975. சக்தி மேடையேறிய அதே வருடம். ஒலிப்பதிவுக் கருவியும் உலகச் சுற்றுலாவும் அவருக்குக் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எனக்குத் தீராது.

மக்லாக்லினிடம் எல்லாம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ராக பாவம் தேடிப் போனால் அவரிடம் முழுசாகக் கிடைக்காது. குடைந்த மெட்டு இழுக்க வசதி செய்தது, ஆனால் அவருடைய விரலின் இயல்பு நேர்ச்சுரங்களில் வேகமாக ஓடுவது. சில இடங்களில் அந்த வேகம் எனக்குத் தேவைக்கு அதிகம். விளம்பத்தில், அதாவது மெதுவான காலத்தில், ஒரு சுரத்தைப் பிடித்துக் கனியவைக்க அவருக்குப் பொறுமை குறைவு. சங்கரின் வயலின் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் அசைவுகளை அவர் கொடுத்துவிடுகிறார்.

1976, 1977 என்று இன்னும் இரண்டு ஸ்டூடியோத் தட்டுகளை வெளியிட்டபின் குழு கலைந்தது. இருபது வருடம் கழித்து 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று திரும்பவும் தொடங்கினார்கள். இந்தமுறை சங்கரின் இடத்துக்குச் சில காலத்தில் வந்து சேர்ந்தவர் மண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். எனக்கு இந்தக் கதையில் மனசை மிகவும் தொடுகிற ஆள் அவர்தான். மின் மண்டலினைச் சின்ன வயதிலேயே கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்து, வேறு யாரும் கேள்வி கேட்க இடமில்லாமல் செய்தவர். மெட்டு உள்ள வாத்தியத்தில் கமகம் வராது என்று சொல்லுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவருடைய பெயர். அவருக்கும் மக்லாக்லினுக்கும் நடக்கும் கேள்வி பதிலில் மக்லாக்லின் மூத்தவராக நடந்துகொள்வதே இல்லை, கேட்டுக்கொண்டிருக்கும் மாணவனின் முகம்தான் தெரியும். 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்.

2023இல் சக்தியின் பெயரில், பாடகர் சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன், ஜாகிர் உசேன் ஆகியோரோடு வந்த தட்டுக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. மக்லாக்லினுக்கு அப்போது எண்பத்திரண்டு. அந்த வருட டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார்.

இங்கே என்னிடம் கிற்றார் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், மேலைத்தேய சங்கீதம் இன்னொரு பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்று பிள்ளைகள் தரம் தரமாகப் போகிறார்கள். கிற்றார்ப் பிள்ளைகள் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் சினிமாப் பாட்டுக்கும் போகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ரியூசன் ஒழுங்கையால் சைக்கிளில் போய் வருகிறது, ஒருவர் படிப்பது மற்றவருக்குத் தெரியாது. சங்கர் வளர்ந்த ஊரில் இப்படி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். என் மாணவி ஒருத்தி, உயர்தரம் படிக்கிறவள், குடைந்த அந்தப் பழைய கிற்றாரைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். இணுவில் பக்கத்துத் தவில் குடும்பத்துப் பெடியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். முதலில் அவன் சொற்கட்டை வாயால் சொல்லுவான், அவள் தந்தியில் அதைத் தேடுவாள். “அக்கா, கை வேண்டாம், முதல்ல வாயிலை வரட்டும்” என்று அவன் அவளுக்குச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒன்று என்ற அளவில் குறைப்பு வந்துவிட்டது. அரைக்கு வரும்போது அவள் பிந்துகிறாள். பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கோட் (chord) பிடித்துப் பழகிய கை, தனித்தனிச் சுரத்துக்கு நேரம் எடுக்கிறது. அது வரும்.

பெரிய சிக்கல் வேறு. தவிலுக்கு முன்னால் கிற்றார் கேட்கவே கேட்காது. ஒலிபெருக்கி வைத்தால் கிற்றாரின் தன்மை மாறுகிறது, தவிலை மெதுவாக வாசிக்கச் சொல்வது அந்த வாத்தியத்துக்குச் செய்யும் அநியாயம். சக்திக்காரர்கள் மிருதங்கம், கடம் என்று போனதன் நியாயம் நடைமுறையில் விளங்குகிறது. பெடியன் கஞ்சிராவும் பழகிவருகிறான், ஆனால் இன்னும் ஒரு ஆள் வேண்டும். கோப்பாய், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கடம் வாசிக்கிறவர்கள், அல்லது படித்துக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குவோம். ஆதிதாளம் தெரிந்திருந்தால் போதும்.